மூன்று வருடக் கணக்கு: மருத்துவ இயற்பியல் படிக்கப்போகும் வேலூர்ப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழிகாட்டி

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடத்தில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது இரண்டே கேள்விகள். "மெடிக்கல் பிசிக்ஸ் படிச்சா வேலை கிடைக்குமாக்கா?" என்பது முதல் கேள்வி. அதைச் சத்தமாகக் கேட்பார்கள். அடுத்ததைக் கேட்கும்போது குரல் இறங்கிவிடும்: "எவ்ளோக்கா செலவாகும்?" இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்காக.

குடியாத்தத்தில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்திய அம்மாவுக்குப் பிறந்தவள் நான். இன்று ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று மருத்துவர் முடிவு செய்வார். அந்த அளவு அந்த இடத்துக்கு மட்டும் போய்ச் சேருகிறதா, பக்கத்திலுள்ள நல்ல உறுப்பு தப்பிக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது எங்கள் வேலை. காலையில் முதல் நோயாளி வருமுன் கதிர்வீச்சு தரும் லினாக் இயந்திரம் சரியான அளவு தருகிறதா என்று அளந்து பார்த்த பிறகுதான் கதவே திறக்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்த வரிசையில் நிற்பவர்களுக்காகத்தான் இந்தப் படிப்பு.

முதலில் படிப்பைப் பாருங்கள், பணத்தை அப்புறம் பார்க்கலாம்

உதவித்தொகை கிடைக்கிறது என்பதற்காக ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்துவிடக் கூடாது. இந்தத் தொழிலில் யார் வேலை பார்க்கலாம் என்று விதி வகுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஏ.இ.ஆர்.பி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதன் கணக்கில் வழி இரண்டு. ஒன்று, பி.எஸ்சி.யில் இயற்பியல் படித்துவிட்டு மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. மற்றது, சாதாரண எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு அதன்மேல் கதிரியக்க இயற்பியலில் ஒரு முதுநிலை டிப்ளமா. எந்த வழியில் போனாலும் கடைசியில் நல்ல வசதியுள்ள கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் 12 மாத இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு ஆர்.எஸ்.ஓ. தேர்வு, அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தகுதி.

நம் ஊரிலேயே சி.எம்.சி.யில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி. இருக்கிறது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் என்று மற்ற இடங்களும் உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும் அந்தப் படிப்பு வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இந்த வருடம் இருக்கிறதா என்று வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர்கள் வாயால் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு முழு உதவித்தொகை கிடைத்தாலும் அது நஷ்டம்தான்.

கணக்கு இரண்டு வருடத்துக்கு அல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் உங்கள் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். எம்.எஸ்சி. இரண்டு வருடம், ஆனால் செலவு மூன்று வருடத்துக்கு. இன்டர்ன்ஷிப் இல்லாமல் வேலை இல்லை. அந்த ஒரு வருடத்துக்குத்தான் எந்தத் திட்டமும் கை கொடுப்பதில்லை. அரசு உதவித்தொகைகள் எம்.எஸ்சி.யோடு நின்றுவிடும். சம்பளமும் இன்னும் வந்திருக்காது. சில மருத்துவமனைகள் மாதம் ஒரு தொகை தரும், சிலவற்றில் ஒன்றும் கிடையாது. சில படிப்புகளில் இன்டர்ன்ஷிப் படிப்போடு சேர்ந்தே வரும், சிலவற்றில் நீங்களே இடம் தேட வேண்டும்.

நான் படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்குப் பணம் புரட்டினேன். மூன்றாம் வருடம் அம்மா காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். அது திரும்பி வர நான்கு வருடம் ஆயிற்று.

ஆகவே சேர்க்கைக்கு முன்பே ஒரு நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்குங்கள், வருடத்துக்கு ஒரு பக்கம். கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு, தேர்வு மற்றும் ஆய்வேட்டுச் செலவு, ஊருக்குப் போய்வரும் செலவு என்று எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் எந்த உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று எழுதுங்கள். அரசுப் பணம் பெரும்பாலும் கல்வியாண்டின் கடைசியில்தான் கணக்குக்கு வரும், கட்டணமோ முதல் மாதமே கட்ட வேண்டும். இந்த இடைவெளிக்கு யாரிடம் கேட்பது என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கல்லூரியிடம் சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: இன்டர்ன்ஷிப் இங்கேயேவா, வெளியிலா? அதற்குக் கட்டணம் உண்டா? மாதத்தொகை உண்டா? போன வருடம் முடித்தவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் அந்த மாணவர்களையே தேடிப் பிடித்துக் கேளுங்கள். எங்கள் துறை சின்னது, யாரும் முகம் திருப்ப மாட்டார்கள்.

காகிதங்கள்: ஏப்ரல், மே மாத வேலை

மதிப்பெண் போதாமல் உதவித்தொகையை இழந்தவர்களைவிட, பெயரில் ஒரு புள்ளி இடம் மாறி இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என்னுடையதே அப்படித்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. முதல் வருட விண்ணப்பம் திரும்பி வந்தபோது ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், "மூணும் மூணு பேர் மாதிரி இருக்கேம்மா, எந்தப் பொண்ணுக்குப் பணம் போடறது?" என்றார். அவர் மேல் தப்பில்லை. கணினி அப்படித்தான் பார்க்கும். ஆனால் சரிசெய்து முடிப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்த வருடத்துப் பணம் போனது போனதுதான்.

அதனால் கடைசிப் பருவத் தேர்வு முடிந்த கையோடு எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துவதுதான் சுலபம். ஆதாரில் பெயர் திருத்த ஆதார் மையம். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையம், விண்ணப்பம் ஒன்றுக்கு 60 ரூபாய். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும், வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். ரொம்ப சீக்கிரம் வாங்கினால் விண்ணப்ப நேரத்தில் காலாவதியாகும், தாமதித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வருவதற்குள் தேதி முடியும். மே மாதக் கடைசி சரியான நேரம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. "ஆதார் குடுத்துட்டேனே" என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குத் தொடங்க ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் ஆதார் எண்ணைப் பிடித்து அந்தக் கணக்குக்கு வருமாறு இணைப்பது வேறு. இரண்டாவதைத்தான் ஆதார் சீடிங் என்கிறார்கள். அதற்குத் தனிப் படிவம் உண்டு. வங்கிக்குப் போய், "டி.பி.டி. பணம் வர ஆதார் சீடிங் பண்ணணும்" என்று அந்த வார்த்தையிலேயே கேளுங்கள். டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேராக உங்கள் கணக்குக்கு வருவது. எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழைய கணக்கு என்றால், அது இன்னும் சிறுவர் கணக்காகவே இருக்கிறதா, வரவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாநில அரசின் பணம்

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகை, போஸ்ட் மெட்ரிக் என்று சொல்வது, முதுநிலைப் படிப்புக்கும் உண்டு. குடும்ப வருமான வரம்பு வருடத்துக்கு 2.5 லட்சம். கட்டணத்தோடு பராமரிப்புத் தொகையும் தருவார்கள். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு அது படிப்பின் வகையையும் விடுதியா வீடா என்பதையும் பொறுத்து வருடத்துக்கு 2,500 ரூபாய் முதல் 13,500 ரூபாய் வரை. மருத்துவ இயற்பியலைத் தொழிற்படிப்பு வகையில் சேர்க்கிறார்களா, பொதுவான முதுநிலை வகையில் சேர்க்கிறார்களா என்பதில்தான் இந்த வித்தியாசம். உங்கள் கல்லூரி எந்த வகையில் பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கும் அதே 2.5 லட்ச வரம்போடு உதவித்தொகை உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற பிரிவில் இதற்கே விண்ணப்பிக்கலாம். சிறுபான்மை மாணவர்களின் முனைவர் பட்டத்துக்கென மத்திய அரசு வைத்திருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையைப் புதியவர்களுக்கு 2022 இல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இவை யூமிஸ் என்ற தளம் வழியாகப் போகின்றன. விண்ணப்பம் உங்கள் கையில் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் கல்லூரி அலுவலகம் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் நகரும். பதிந்த பத்தாம் நாள் ஒருமுறை, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அங்கே நகரவில்லை என்றால் வேலூர்க்காரர்கள் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் நலத்துறை அலுவலரைப் பார்க்கலாம். 2019 இல் மாவட்டம் மூன்றானதிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்களுக்கு அவரவர் ஊரிலேயே அலுவலகம். பழைய பழக்கத்தில் வேலூருக்குப் பஸ் ஏறி ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

கிடைக்கும் என்று நினைத்துப் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் முதுநிலைக்குத் தொடராது. பி.எஸ்சி. வரை வந்த அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?

வடாற்காட்டுக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு பீடி, தோல், செருப்பு, கைத்தறி, கட்டட வேலை. பெற்றோரின் உழைப்பின் பேரில் பிள்ளைகளுக்கு வரும் உதவித்தொகை தனியாக இருக்கிறது.

பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவி தேசிய உதவித்தொகைத் தளத்தில் இருக்கிறது. எம்.எஸ்சி.யை அதில் எந்தப் பிரிவில் பதிவது என்று பீடித் தொழிலாளர் நல மருந்தகத்திலேயே கேளுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை என்று வேலை செய்பவர்களின் சம்பளத்தில் தொழிலாளர் நல நிதிக்குச் சிறு தொகை பிடிப்பார்கள். அந்த நிதியை வைத்திருக்கும் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. கட்டடத் தொழிலாளர், அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்கும் முதுநிலைப் படிப்பு வரை உண்டு. தொகை பெரிதல்ல. ஆனால் புத்தகச் செலவும் தேர்வுக் கட்டணமும் தீரும். என் அம்மாவின் அட்டை பத்தொன்பது வருடம் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதன் பேரில் எனக்கு ஒரு உரிமை இருந்தது என்பதே படித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் வீட்டுப் பெட்டியை இன்று இரவே திறந்து பாருங்கள்.

கம்மவான்பேட்டை போல ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் உதவித்தொகை முதல் தொழிற்பட்டத்துக்குத்தான், எம்.எஸ்சி.க்கு இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேறு கல்வி மானியங்கள் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள்.

மத்திய அரசின் பெரிய தொகை

யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் முதுநிலைப் படிப்புக்கான தேசிய உதவித்தொகைதான் இந்தப் படிப்புக்குக் கிடைக்கக்கூடியவற்றில் நல்லது. மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்குப் பத்து மாதம், நாடு முழுக்க 10,000 பேருக்கு. இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு. வயது 30க்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், தனித் தேர்வு கிடையாது. முழுநேர முதுநிலையில் முதல் வருடம் சேர்ந்தவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். முதல் வருடம் விட்டுவிட்டால் இரண்டாம் வருடம் வாய்ப்பில்லை. ஒற்றைப் பெண் குழந்தைக்கான பழைய இந்திரா காந்தி உதவித்தொகையைத் தேடுபவர்கள் இங்கேதான் வர வேண்டும், அது இதில் கலந்துவிட்டது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஒருமுறைப் பதிவு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது படிப்பு முழுக்கக் கூடவே வரும்.

பிளஸ் டூ மதிப்பெண்ணால் பி.எஸ்சி.யிலேயே இன்ஸ்பயர் உதவித்தொகை, வருடம் 80,000 ரூபாய், வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அது அடிப்படை அறிவியல் எம்.எஸ்சி.க்குத் தொடரும். மருத்துவ இயற்பியலை அந்தப் பட்டியலில் ஏற்பார்களா என்று எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு சேருங்கள்.

கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி

வீட்டில் கட்டணம் கட்ட வழியே இல்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இரண்டாவது பாதையைத்தான். வேலூர் முத்துரங்கம் அரசுக் கலைக்கல்லூரி போன்ற ஓர் அரசுக் கல்லூரியில், வீட்டுச் சாப்பாட்டில், எம்.எஸ்சி. இயற்பியல் படியுங்கள். அதன்பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க இயற்பியல் டிப்ளமாவுக்கு நுழைவுத்தேர்வு எழுதுங்கள். 1962 இல் தொடங்கிய படிப்பு அது. நாட்டின் மூத்த மருத்துவ இயற்பியலாளர்களில் பெரும்பாலோர் அங்கே படித்தவர்கள். ஒரு வருடம்தான். நிறுவனங்கள் அனுப்பிவைக்கும் ஆட்களைத் தவிர மற்ற மாணவர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை, பி.எஸ்சி.யிலும் எம்.எஸ்சி.யிலும் நல்ல மதிப்பெண் கேட்பார்கள். மொத்தத்தில் ஒரு வருடம் கூடும், ஆனால் கடன் கூடாது. நுழைவுத்தேர்வுக்குப் புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். அணு இயற்பியல், குவாண்டம், மின்காந்தவியல் என்று எம்.எஸ்சி.யில் படித்ததையே ஆழமாகப் படித்தால் போதும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

பி.எம். வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் வந்தது. தேசியத் தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் கிடைத்தவர்களுக்கு, சொத்து அடமானமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனில், தவணை தொடங்கும்வரை வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். ஆனால் வேறு அரசு உதவித்தொகை வாங்கினால் இந்த வட்டிச் சலுகை இல்லை. இரண்டில் எது லாபம் என்று உங்கள் நோட்டில் போட்டுப் பாருங்கள். யு.ஜி.சி. தொகை கிடைத்தவர்கள் யோசிக்கவே வேண்டாம், அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கி மேலாளரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த ஒரு வருடம் அப்படியே இன்டர்ன்ஷிப்பில் கரைந்துவிடும். வேலை தேடக் கால அவகாசமே மிஞ்சாது. ஆகவே இன்டர்ன்ஷிப் இந்தத் தொழிலில் கட்டாயம் என்பதற்குக் கல்லூரியிடம் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். படிப்புக் காலத்தை மூன்று வருடமாகக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள். எல்லாக் கிளையிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் கடன் கையெழுத்தாகும் முன் கேட்பதுதான் சுலபம்.

அதற்குமேல்

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். பல்கலைக்கழக அளவில் முதலிடம் பிடித்தவர்கள் 27 வயதுக்குள் இன்ஸ்பயர் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். எங்கள் படிப்பில் மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் முதலிடம் எட்டாக் கனியல்ல. முதல் பருவத்திலிருந்தே அதைக் குறி வைக்கலாம்.

வெளிநாடு என்றால் முதலில் இத்தாலியைப் பாருங்கள். திரியெஸ்தேயில் உள்ள ஐ.சி.டி.பி. என்ற சர்வதேச இயற்பியல் மையமும் அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வளரும் நாட்டு மாணவர்களை மனதில் வைத்து மருத்துவ இயற்பியலில் உயர் முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. முதல் வருடம் வகுப்பு, இரண்டாம் வருடம் மருத்துவமனையில் பயிற்சி. தேர்வாகும் சிலருக்கு முழு உதவித்தொகை உண்டு. பெண்களுக்கு, சர்வதேச அணுசக்தி முகமை 2020 இல் தொடங்கிய மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகை இருக்கிறது. அணுவியல் சார்ந்த முதுநிலைக்கு இரண்டு வருடத்தில் கல்விக் கட்டணமாக 20,000 யூரோ வரையும் வாழ்க்கைச் செலவுக்கு அதே அளவும் தருகிறார்கள். அமெரிக்கா போக நினைப்பவர்கள் மருத்துவ இயற்பியல் படிப்புகளுக்கு அங்கே அங்கீகாரம் தரும் கேம்பெப் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பாருங்கள். அங்கே முதுநிலைக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம், முனைவர் பட்டத்துக்குத்தான் சம்பளம் போல உதவி கிடைக்கும்.

இந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். உங்கள் தெருவில் யாருக்குக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள், எத்தனை நாள் எத்தனை மைல் பஸ்ஸில் போய் வந்தார்கள், அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று அப்போது உங்களுக்கு என்ன கேள்வி வந்தது. நான் என் பெரியம்மாவைப் பற்றி எழுதினேன். அவரை உள்ளே படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தியது ஏன் என்று கேட்ட பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதினேன்.

கடைசியாக ஒரு நாள்காட்டி வேலை. கிடைத்த உதவித்தொகை இரண்டாம் வருடம் தானாக வராது. மீண்டும் வருமானச் சான்றிதழ், முதல் வருட மதிப்பெண், கல்லூரியின் சரிபார்ப்பு எல்லாம் வேண்டும். முதல் வருடத் தேர்வு எழுதி முடித்த அன்றே புதிய வருமானச் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். ஒப்புகைச் சீட்டுகளைப் படம் பிடித்து, அசலை ஒரே கோப்பில் போட்டு, அந்தக் கோப்பை வீட்டில் யாருக்காவது காட்டி வையுங்கள். நீங்கள் விடுதியில் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும்.